காசு வாங்காமல் திருப்பி அனுப்பும் ஜெராக்ஸ் கடை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. மூன்றரைதான் போட நினைத்தேன். அரை கூடியதற்குக் காரணம் அந்தக் கடைக்காரரின் ஒரு பழக்கம். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

கடை எங்கள் ஊர் தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் இடையில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரே அறை. உள்ளே இரண்டு கணினி, ஒரு பெரிய ஜெராக்ஸ் இயந்திரம், கைரேகைக் கருவி, லேமினேஷன் இயந்திரம், சாமி படம். வாசலில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு கடைக்காரரின் மாமா மனு எழுதுகிறார். கடையின் பெயரையோ ஊரின் பெயரையோ இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். நாளை யாராவது இதைக் காட்டி அவருடைய இ-சேவை அனுமதிக்கு, அதாவது அரசுச் சான்றுகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டுத்தரும் உரிமைக்கு, வேட்டு வைத்தால் நஷ்டம் எங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட தாலுகாக்கள் இருக்கின்றன. எந்தத் தாலுகா அலுவலகத்தின் எதிரிலும் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் எதில் நுழையலாம் என்று தீர்மானிக்க இது உதவினால் போதும்.

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வழக்குப் பணியாளர். கணவன் விட்டுப் போனவர்கள், பிள்ளைகள் பார்க்காத முதியவர்கள், விபத்தில் கை கால் இழந்து வேலை போனவர்கள், தாயும் தகப்பனும் இல்லாமல் பாட்டியிடம் வளரும் குழந்தைகள் என்று ஆளுக்கொரு கோப்பு என் அலமாரியில் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பேசுவது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் வேலையின் பெரும்பகுதி தாளோடுதான். பசி இன்றைக்கு எடுக்கிறது. உதவித்தொகை வருவதற்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியை நீட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் விண்ணப்பம் போடுகிற மேசையில் நடக்கிறது. அதனால்தான் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு இத்தனை நீளமான மதிப்பீடு.

அந்தப் பழக்கம் இதுதான். வருமானச் சான்று வேண்டும் என்று யார் வந்தாலும் அவர் கணினிப் பக்கம் திரும்பமாட்டார். கையை நீட்டி, "எல்லாத் தாளையும் கொடுங்கள்" என்பார். ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், எது இருந்தாலும் வாங்கி மேசைமேல் சீட்டுக்கட்டு பரப்புவதுபோல் பரப்பிக்கொள்வார். முதலில் பெயர். அப்புறம் இனிஷியல். அப்புறம் பிறந்த தேதி, முகவரி, கடைசியாகத் தொலைபேசி எண். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால், "இதை இன்றைக்குப் போட்டால் தள்ளிவிடுவார்கள். முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். காசு வாங்கமாட்டார். அன்றைக்குப் போட்டிருந்தால் அவருக்கு நூறு ரூபாய் கிடைத்திருக்கும்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் விண்ணப்பம் போகும் வழி தெரிய வேண்டும். இ-சேவையில் ஏற்றிய விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும். அவர் விசாரித்து வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து வட்டாட்சியருக்கு. இவர்களில் எவர் வேண்டுமானாலும் ஒரே வரியில் நிராகரிக்கப் பரிந்துரைக்கலாம். 'ஆவணம் தெளிவாக இல்லை', 'பெயர் வேறுபாடு உள்ளது' என்று ஒரு வரி. அந்த வரி வந்து சேரும்போது வாரங்கள் போயிருக்கும். திரும்பவும் புதிதாக விண்ணப்பம், திரும்பவும் கட்டணம், திரும்பவும் பஸ் டிக்கெட், ஒரு நாள் கூலி. கூலி வேலை செய்கிறவர் இரண்டாவது முறை நிராகரிக்கப்பட்டால் மூன்றாவது முறை வரமாட்டார். "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது, மேடம்" என்று சொல்லிவிடுவார். என் கோப்புகளில் பாதி அந்த வாக்கியத்தோடுதான் தொடங்குகின்றன.

ஒரு பாட்டியை அங்கே அழைத்துப் போனதைச் சொன்னால் விளங்கும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதியோர் உதவித்தொகைக்காக வந்தவர். தாள்களைப் பரப்பிப் பார்த்த கடைக்காரர், "பாட்டிம்மா, ஆதார்ப்படி உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயதுதான் ஆகிறது" என்றார்.

"என் மூத்த பேரனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, தம்பி" என்றார் பாட்டி.

ஆதாரில் பிறந்த தேதி 01.01.1967. வயது தெரியாத எத்தனையோ பேருக்கு, முகாமில் ஆதார் எடுத்தவர் ஏதோ ஓர் ஆண்டைக் குத்துமதிப்பாகப் போட, அதன் ஜனவரி முதல் தேதியே பிறந்தநாளாகிவிட்டது. கடைக்காரர் அதோடு விடவில்லை. மகனுடைய ஆதார் நகலும் கட்டில் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மகன் பிறந்தது 1978. அம்மாவுக்கும் மகனுக்கும் பதினொரு வயது வித்தியாசம்! அடுத்து, ஓரம் கிழிந்த பழைய வாக்காளர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். '1.1.1995 அன்று வயது 38' என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி பாட்டிக்கு அறுபத்தெட்டு.

இங்கேதான் பல கடைகள், "ஆதார் திருத்தம் செய்து வாருங்கள்" என்று அனுப்பிவிடும். சொல்வது எளிது. ஆதாரில் பிறந்த தேதியை வாழ்நாளில் ஒருமுறைதான் மாற்ற முடியும். பெயரை இரண்டு முறை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரிடம் மாற்றுச் சான்றிதழும் கிடையாது, பிறப்புச் சான்றிதழும் கிடையாது. அந்த ஒரே வாய்ப்பை அரைகுறைத் தாளோடு போய்ச் செலவழிக்கக் கூடாது. கடைக்காரர் கேட்டது வேறு: "தாத்தா இருக்கிறாரா?" இல்லை, காலமாகிவிட்டார். "அப்படியானால் வயதை எதற்குத் தொட வேண்டும்? ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்தில் போடலாமே. அதற்கு அறுபது ஆக வேண்டியதில்லை. தொகை ஒன்றுதான்."

உண்மைதான். முதியோருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் ஒரே தொகைதான். 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். மாற்றுத் திறனாளிகளுக்கு மட்டும் 1,500. இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்திருப்பதும், பாட்டி எதிரில் நிற்கும்போது அந்தத் தாளில் அதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. சமூகப் பணிப் படிப்பில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பட்டம் பெறாத இவர் சொல்லித்தருகிறார். தாத்தாவின் இறப்புச் சான்றிதழை இறப்புப் பதிவு இணையதளத்திலிருந்து இறக்கினார். பதிவாகியிருந்தால் அதற்குக் கட்டணமே கிடையாது, கியூ.ஆர். குறியீட்டோடு வந்துவிடும். பதிவே ஆகாத மரணம் என்றால் பாடு வேறு. ஓராண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் அவரே எடுத்துக் காட்டினார். பாட்டியின் பெயர் மகனுடைய ரேஷன் அட்டையில் இருந்தது. மகன் குடும்பத்தோடு திருப்பூரில். அனுப்புவதும் இல்லை, விசாரிப்பதும் இல்லை. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் அட்டையைப் பார்த்தால் 'மகன் ஆதரவில் உள்ளார்' என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் இருப்பது அட்டைதான். மகன் இருப்பது வேறு, மகன் பார்ப்பது வேறு என்பதை அட்டையில் எழுதக் கட்டம் இல்லை. ஆகவே முதலில் பெயர் நீக்கம், பிறகு தனி அட்டை, அதன் பிறகு ஓய்வூதிய விண்ணப்பம். வரிசை மாறினால் எல்லாம் வீண். ஒரு துண்டுச் சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிப் பாட்டியின் சுருக்குப் பையில் வைக்கக் கொடுத்தார். அன்று நாங்கள் கொடுத்த பணம் ஜெராக்ஸுக்கும் அச்சுக்கும் மட்டும்தான்.

இப்போது கட்டணம். வருமானம், சாதி, இருப்பிடம், கணவனால் கைவிடப்பட்டோர் சான்று போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். ஓய்வூதிய விண்ணப்பங்களுக்கு 10 ரூபாய்தான். இவர் சான்றுக்கு நூறு வாங்குகிறார். ஸ்கேன் செய்வது, புகைப்படம் எடுப்பது, அச்சு எல்லாம் சேர்த்து என்கிறார். ஓய்வூதியத்துக்கு ஐம்பது. அரசு சொன்னதைவிட அதிகம். அதில் சந்தேகம் இல்லை. கட்டணப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஆனால் காலண்டருக்குப் பின்னால். மாதக் காலண்டரைத் தள்ளிப் பார்த்தால் 60 என்று தெரியும். நான் ஒருமுறை தள்ளிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "மேடம், பத்து ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் கரண்ட் பில் யார் கட்டுவது?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. பத்து ரூபாயில் ஒரு முதியவரின் விண்ணப்பத்தைப் பொறுப்பாகப் போட்டுத்தரும் கடையை எதிர்பார்க்கிற அரசுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படியும் காலண்டரை வேறு ஆணியில் மாட்டலாம். அதற்குக் கரண்ட் செலவாகாது.

தாலுகா அலுவலக வளாகத்திலேயே அரசு இ-சேவை மையம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். கட்டணம் சரியாக வாங்குவார்கள், ரசீது தருவார்கள். எல்லாத் தாளும் ஒழுங்காக இருக்கிறது, சாதாரண வருமானச் சான்றுதான் வேண்டும் என்றால் அங்கேயே போங்கள். டோக்கன் எடுத்து, காத்திருந்து, முடித்துக்கொண்டு வரலாம். ஆனால் அங்கே இருப்பவரின் வேலை கொடுத்ததை ஏற்றுவது. வரிசை வாசல்வரை நிற்கும்போது அவர் ஒருவருடைய தாளை உட்கார்ந்து அலசிக்கொண்டிருக்க முடியாது.

இனி, குறைத்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

முதல் குற்றம், குரல். கடைக்காரருக்கு இயல்பாகவே உரத்த குரல். ஜெராக்ஸ் இயந்திரச் சத்தத்தில் இன்னும் உயரும். ஜாதகம் கேட்பதுபோல் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் கேட்பார். கைவிடப்பட்டோர் சான்றுக்கு வந்த ஒரு பெண்ணிடம், "கணவர் விட்டுப் போய் எத்தனை ஆண்டாகிறது? வேறு கல்யாணம் செய்துகொண்டாரா? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று அறைக்குள்ளிருந்து கேட்கிறார், பின்னால் கல்லூரிக்கு ஸ்பைரல் பைண்டிங் செய்ய வந்த பையன்கள் நிற்கிறார்கள். அந்தப் பெண் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, "ஆமாம்", "இல்லை" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கேள்விகள் தேவையானவைதான். விண்ணப்பத்தில் அவை இல்லாமல் முடியாது. ஆனால் அந்தத் தகவலை எங்கள் மையத்தில் அவளிடமிருந்து பெற எனக்கு எத்தனை சந்திப்பு தேவைப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதிருந்து நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வேண்டிய விவரம் அத்தனையையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். "கேள்வி இருந்தால் என்னைக் கேளுங்கள், அண்ணா" என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் ஏற்றுக்கொண்டார். துணைக்கு யாரும் இல்லாமல் போகிற பெண்களுக்கு இந்தத் தாளைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு பக்கம் போதும்: பெயர், முகவரி, திருமண நாள், பிரிந்த ஆண்டு, குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி.

இரண்டாவது, தொலைபேசி எண். விண்ணப்பம் போட முதலில் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்க வேண்டும். அதற்கு ஓ.டி.பி. வரும். பாட்டியிடம் போன் இல்லை, அல்லது இருக்கும் போனுக்கு ரீசார்ஜ் இல்லை. ஆதாரில் இருக்கும் எண், திருப்பூரில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் மகனுடையது. கூட்டம் நெருக்கும்போது கடைக்காரர் தன்னுடைய எண்ணையே போட்டு வேலையை முடித்துவிடுகிறார். அந்த நேரத்துக்குப் பெரிய உதவிதான். ஆனால் விண்ணப்பம் தள்ளுபடியானாலும் கூடுதல் ஆவணம் கேட்டாலும் எஸ்.எம்.எஸ். அந்த எண்ணுக்குத்தான் வரும். அவருடைய போனில் நூற்றுக்கணக்கான பேரின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. யாருடையது என்று தேடி அழைத்துச் சொல்ல அவருக்கு நேரம் ஏது? ஏன் உதவித்தொகை வரவில்லை என்று ஓராண்டு கழித்து எங்களிடம் வருகிறவர்களில் சிலருடைய விண்ணப்பம், போட்ட மாதத்திலேயே யாருடைய போனிலோ நிராகரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சொந்த எண் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர், அங்கன்வாடி ஊழியர், மகளிர் குழுத் தலைவி, யாராவது நம்பிக்கையானவரின் எண்ணை எழுதிக் கொண்டுபோங்கள். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது வெப்பத்தாளில் அச்சாகி வந்தால் எழுத்து மங்கிவிடும். அங்கேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, படிகள். சாக்கடைக்கு மேல் மூன்று உயரமான படிகள். மாற்றுத் திறனாளிகளுக்கான விண்ணப்பங்கள் நிறையப் போகும் கடைக்குள் சக்கர நாற்காலி ஏற முடியாது. கடைக்காரர் கைரேகைக் கருவியின் ஒயரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ஆட்டோவிலேயே ரேகை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மனம் நல்லதுதான், சாய்தளம் அதைவிட நல்லது. உட்காரப் பெஞ்சும் இல்லை. கேட்டால், வெளியே போட்டால் நெடுஞ்சாலைத் துறை எடுத்துப்போய்விடும் என்கிறார்.

கைரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல் சூளையிலும் சுண்ணாம்பிலும் கை வைத்து உழைத்தவர்களுக்கு ரேகை விழாது. இவர் ஈரத்துணியால் விரலைத் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, பொறுமையாக எடுக்கிறார். அந்தப் பொறுமையை நான் வங்கி வாசல்களில் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆதார் நகல்கள். எல்லோருடைய ஆதாரும் ரேஷன் அட்டையும் ஸ்கேன் செய்யப்பட்டு அந்தக் கணினியின் முகப்பிலேயே பெயர் பெயராகக் கிடக்கின்றன. திரை தெருவைப் பார்த்திருக்கிறது. வாரம் ஒருமுறை அழித்துவிடுவதாகச் சொன்னார். நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன்.

மனு எழுதும் மாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மதிப்பீடு முடியாது. ஓய்வுபெற்ற எழுத்தர். அழகான கையெழுத்து, 'பெறுநர்', 'அனுப்புநர்', 'பொருள்' எல்லாம் அளவெடுத்தாற்போல் இருக்கும். ஒரு மனுவுக்கு ஐம்பது ரூபாய். கையில் இல்லையென்றால் இருப்பதைக் கொடுக்கலாம். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும் என்பதால், காலை ஏழு மணிக்கே அவர் முன்னால் வரிசை நிற்கும். அவரிடம் ஒரே ஒரு குறை, கண்ணீர். 'நான் பரம ஏழை, எனக்கு நாதியில்லை, தங்களின் பொற்பாதங்களைப் பணிந்து' என்று முதல் பக்கம் முழுக்க ஓடும். விண்ணப்ப எண்ணும் தேதியும் இரண்டாம் பக்கத்தின் அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். பெட்டி பெட்டியாக மனு வாங்குகிற அலுவலர் அதுவரை படிக்கமாட்டார். நான் போனால், "ஐயா, முதல் வரியிலேயே எண்ணும் தேதியும்" என்பேன். அவர், "கெஞ்சாமல் எழுதினால் திமிர் என்று நினைப்பார்கள், அம்மா" என்பார். உதவித்தொகை பிச்சை அல்ல என்று நான் சொல்வேன். நாற்பது ஆண்டு கோப்பு பார்த்தவன் நான் என்று அவர் சொல்வார். இப்போது ஒரு சமரசம் செய்துகொண்டிருக்கிறோம். எண், தேதி, கோரிக்கை மூன்றும் முதல் பத்தியில். பொற்பாதம் கடைசி வரியில்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர்களையும் கவனியுங்கள். "ஐயாயிரம் கொடுங்கள், ஓ.ஏ.பி., அதுதான் முதியோர் பென்ஷன், கையில் வந்துவிடும்" என்பார்கள். கடைக்கு அவர்களும் வாடிக்கையாளர்கள்தான். ஆள் பிடித்துக்கொண்டு வந்து இங்கேதான் விண்ணப்பம் போடுகிறார்கள். கடைக்காரர் அவர்களோடு பங்கு வைப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்தவரை உண்மை. ஆனால் அவர்களோடு வந்த மூதாட்டியைத் தனியே அழைத்து, "இது பத்து ரூபாய் வேலை, பாட்டிம்மா" என்று சொல்வதும் இல்லை. சொல்லியிருந்தால் நாலரை போட்டிருப்பேன்.

வங்கி விஷயத்தில் இவர் செய்யும் ஒரு சேவைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உதவித்தொகை ஆணை வந்துவிட்டது, பணம் வரவில்லை என்று வருகிறவர்கள் ஏராளம். ஆதார் வழியாகப் பணம் அனுப்பும்போது, கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, கேஸ் மானியத்துக்கு ஒன்று, முகாமில் யாரோ திறந்துவைத்த ஒன்று என்று மூன்று கணக்குகள் இருக்கும். பாட்டி கையில் இருப்பது முதல் புத்தகம். பணம் விழுவது மூன்றாவதில். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்து, வங்கியின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார், காசு வாங்காமல். ஓ.டி.பி. வர வேண்டும் என்பதால் ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால்தான் நடக்கும். அதையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

எந்த நேரத்தில் போகலாம்? திங்கள் வேண்டாம்; ஆட்சியர் அலுவலகக் கூட்டம் முழுக்க இங்கே வந்து போகும். மே, ஜூன் வேண்டவே வேண்டாம். கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளைகள் மொய்ப்பார்கள். போதாக்குறைக்கு, கிராம நிலக் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கும் ஜமாபந்தியும் அப்போதுதான். ஆனால் நிலம், பட்டா, வாரிசுச் சிக்கலோடு சேர்ந்த வழக்கு என்றால் ஜமாபந்தியைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு அந்தந்தக் கிராமக் கணக்கோடு அலுவலர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றபடி புதன், வியாழன் மாலை மூன்று மணிக்கு மேல் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், சர்வரும் ஓரளவு வேகமாக இருக்கும். மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் பாதி இறங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தூங்குவார். எழுப்பினால் எரிந்து விழுவார்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: மூலத் தாள்கள் எல்லாமே, வேண்டாததென்று நீங்கள் நினைப்பவை உட்பட. கிழிந்த வாக்காளர் அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன பாட்டியின் வயதுக்கு அது ஒன்றுதான் சாட்சி. மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று எடுப்பதானால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கணவன், மனைவி, சம்பாதிக்கும் பிள்ளை எல்லோருடையதையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் இவர், "அது குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அங்கே போய்க் கேளுங்கள்" என்று கைகாட்டிவிடுவார். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி விண்ணப்பம் போடுவதைவிட அது மேல்.

லேமினேஷன் செய்யட்டுமா என்று கேட்பார். முப்பது ரூபாய். வேண்டாம் என்று சொல்லுங்கள். கியூ.ஆர். குறியீடு உள்ள சான்றிதழை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி அச்செடுத்துக்கொள்ளலாம்.

பஸ் நிலையத்துப் பக்கம் குளிர்சாதன வசதியோடு புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். சாய்தளம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கட்டணப் பட்டியல் கண்ணுக்கு நேராக இருக்கிறது, இனிமையாகப் பேசுகிறார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடி ஏற்றி, நிமிடத்தில் ரசீது தருகிறார்கள். தாளெல்லாம் சரியாக இருப்பவர்களை நானே அங்கே அனுப்புகிறேன். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இந்தப் பழைய கடைக்குத்தான்.